காந்தம் வைத்துப் பார்க்கவும்

கல் அறை என்று அந்த அறைக்கு யாரும் உட்கார்ந்து யோசித்துப் பெயர் வைக்கவில்லை. நிலவியல் அலுவலகத்தின் தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே, முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த இடம் அது. இப்போது அங்கே ஒரு மேசை, ஒரு தராசு, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிச் சாடி, ஓர் அரம், சொரசொரப்பான பின்பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்த ஒரு குளியலறை ஓடு, இவற்றுக்கெல்லாம் பின்னால் அக்கா. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் கல் மேடம்தான். ஆனால் இது அவளுடைய தம்பியும் வரும் கதை என்பதால் அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

பொதுமக்கள் கொண்டுவரும் கல் என்ன கல் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. ஒரு காலத்தில் இந்த வேலைக்கு வந்தவர்கள் மத்தியானத்தில் தூங்கினார்கள். மெட்டல் டிடெக்டர் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகு அந்தச் சுகம் போய்விட்டது. ஓய்வுபெற்றவர், வேலை போனவர், வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாதவர் எல்லோரும் ஆளுக்கொன்று வாங்கித் தரையைத் தடவிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். கருவி கீச்சென்று கத்தும். ஆசையாகத் தோண்டுவார்கள். அங்கே காசும் இருக்காது, மோதிரமும் இருக்காது, கறுப்பாக ஒரு கல் கிடக்கும். கல் எதற்குக் கத்த வேண்டும்? வானத்திலிருந்து விழுந்ததாக இருந்தால்தான் கத்தும் என்று அவர்களாகவே முடிவுகட்டி, அதைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு கல் அறைக்கு வந்துவிடுவார்கள்.

அக்கா கல்லை ஓட்டின்மேல் தேய்ப்பாள். கறுப்புக் கோடு விழுந்தால் ஒருவகை இரும்புத்தாது, செங்கல் நிறக் கோடு விழுந்தால் இன்னொரு வகை. ஒரு மூலையை அரத்தால் ராவி உள்ளே பார்ப்பாள். குமிழ் குமிழாக ஓட்டை தெரிந்தால் அது எப்போதோ யாரோ இரும்பு உருக்கியபோது கொட்டிய கசடு. எல்லாம் தரையில் கிடப்பவை, எல்லாம் கருவியைக் கத்தவைப்பவை, எதுவும் வானத்தைப் பார்த்ததில்லை. “விண்கல் இல்லைங்க” என்று அவள் சொல்வாள். சிலர் முகம் சுருங்கிப்போவார்கள். ஒருவர் அவள் எங்கே படித்தாள் என்று விசாரித்தார். இன்னொருவர், “மேல வேற யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார். மேலே கழிப்பறைதான் இருந்தது. அவள் அதையும் சொன்னாள்.

கூட்டம் தாங்க முடியாமல்தான் அவள் அந்த அறிவிப்பை எழுதினாள். முழு அட்டையில், கண் தெரியாதவர்கூடப் படிக்கிற எழுத்தில், வாசலுக்கு நேர் எதிரில் ஆணி அடித்து மாட்டினாள். ‘முதலில் வீட்டிலேயே பெரிய காந்தம் வைத்துப் பார்க்கவும். நன்றாக ஒட்டினால் மட்டும் கொண்டுவரவும்.’ பாதிக் கூட்டம் குறைந்துவிட்டது. இயக்குநர் மாதாந்தரக் கூட்டத்தில் இதைச் சொல்லிப் பாராட்டினார், மற்ற பிரிவுக்காரர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உண்மையான விண்கல்லில் பெரிய காந்தத்தை வைக்கவே கூடாது. இது அக்காவுக்குத் தெரியாத விஷயமில்லை. அந்தக் கல் உருவானபோது சுற்றியிருந்த காந்தப்புலம் அதற்குள் அப்படியே பதிந்திருக்கும், பலமான காந்தம் பட்டால் அது அழிந்து புதுசு ஏறிவிடும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் இந்த மாடிப்படிக்கு அடியில் உண்மையான விண்கல் வந்தால்தானே? வராத கல்லுக்காக வருகிற கூட்டத்தை ஏன் சுமக்க வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

தம்பி ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். பழுதும் பார்ப்பான். அதற்கு முன்னால் காளான் வளர்த்தான். காளான் கூடையில் வராமல் அம்மாவின் அறைச் சுவரில் வந்தது. அதற்கும் முன்னால் பழைய டயரில் செருப்பு செய்தான். போட்டுப் பார்த்த ஒரே ஆள் அக்கா, கழற்றுவதற்கு எண்ணெய் விட வேண்டியதாயிற்று. வீட்டில் ஒரு பொருள் உடைந்தால், காணாமல் போனால், ஷாக் அடித்தால், யாரும் விசாரணை நடத்துவதில்லை. “அவன் அப்படித்தான்” என்பார்கள். முதன்முதலில் அப்படிச் சொன்னது அக்காதான். அவள் படித்தவள், அரசாங்க வேலையில் இருப்பவள், அவள் சொன்னால் அம்மாவுக்கு மறுபேச்சு கிடையாது.

மெட்டல் டிடெக்டரை அவன் புதையலுக்காக வாங்கவில்லை. மைதானங்களில் கூட்டம் முடிந்து கம்பம் பிடுங்கும்போது ஆணியும் திருகும் ஒயர் முனைகளும் புல்லுக்குள் போய்விடும். அதைத் தேடத்தான். தேடும்போது கற்களும் கத்தின. கத்திய கல்லையெல்லாம் அவன் அக்காவிடம் கொண்டுவந்தான். கசடு கொண்டுவந்தான். தாது கொண்டுவந்தான். ஒருமுறை சிமெண்டுக் கட்டிக்குள் போல்ட் ஒன்று இறுகிக் கிடந்ததைக் கொண்டுவந்தான், போல்ட்டின் தலை வெளியே தெரிந்தது. “இது எந்தக் கிரகத்துல போல்ட் போடறாங்கடா?” என்று அக்கா கேட்டாள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

ஆகவே ஒரு நாள் அறையில் கூட்டம் அலைமோதும்போது அவன் போன் செய்து, “அக்கா, இந்தத் தடவை வேற மாதிரி கல்லு” என்றபோது, அவள் காதில் அது ஏறவே இல்லை.

“போர்டுல எழுதி வெச்சிருக்கேன்ல? முதல்ல காந்தம் வெச்சுப் பாருடா.”

“சின்னக் காந்தம் வெச்சேன்க்கா. ஒட்டுது.”

“சின்னது பத்தாது. உன்கிட்டதான் ஸ்பீக்கர் காந்தம் கெடக்குதே, இருக்கறதுலயே பெருசா பார்த்து வை. நல்லா ஒட்டுதான்னு பாரு. அப்புறம் வா.”

“எவ்ளோ நேரம் வெக்கணும்?”

“எனக்கு எப்ப நேரம் கெடைக்குதோ அதுவரைக்கும் வை” என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். எதிரில் ஒரு பெரியவர் துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி சொன்ன சொல் தட்டாதவன். கடையிலேயே பெரிய ஒலிபெருக்கியைப் பிரித்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருந்த அதன் காந்தத்தைக் கழற்றி, கல்லை அதன்மேல் வைத்தான். டக்கென்று பிடித்துக்கொண்டது. அக்காவுக்கு நேரம் கிடைக்கட்டும் என்று அப்படியே விட்டான். பல வாரம் கழித்து, காந்தத்தோடு சேர்த்தே ஒரு பையில் போட்டுக் கல் அறைக்குத் தூக்கிவந்தான்.

“கையால பிரிக்க முடியலக்கா. அவ்ளோ நல்லா ஒட்டிக்கிச்சு” என்றான் பெருமையாக. ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பித்தான் எடுத்தான்.

இரண்டு கையையும் சேர்த்து வைத்தால் கொள்கிற அளவு. அக்கா கையில் வாங்கியதுமே தோள் லேசாக இறங்கியது. மேலே மெல்லிய கறுத்த தோல். ஈர மாவில் பெருவிரலை அமுக்கியது மாதிரி அங்கங்கே குழி. ஓட்டின்மேல் தேய்த்தாள், கோடு விழவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள், அப்போதும் விழவில்லை. அரத்தால் ஒரு மூலையை ராவினாள். சாம்பல் நிறக் கல்லுக்குள் பொடிப்பொடியாக உலோகம் மினுங்கியது. பூமியில் கிடக்கும் கல்லில் இரும்பு இப்படிப் பளபளவென்று உட்கார்ந்திருக்காது. அலமாரியைத் திறந்து, வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கி ஒருமுறைகூட எடுக்காத சோதனைக் குப்பியை எடுத்தாள்; விண்கல் இரும்பில் கலந்திருக்கும் நிக்கலை அது சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும். ஒரு சொட்டு விட்டுப் பஞ்சால் துடைத்தாள். பஞ்சு ரோஜா நிறமாகச் சிவந்தது.

அவள் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி விடுக்கா” என்றான் தம்பி, பையை மடித்துக்கொண்டே. “போற வழியில போட்டுட்டுப் போறேன்.”

“நெஜம்டா.”

“எது?”

“இது நெஜம். விண்கல்.”

தம்பி கல்லைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், மறுபடி கல்லைப் பார்த்தான். பிறகு நாற்காலியைத் தேடாமலே உட்கார்ந்தான். நல்லவேளையாக அங்கே ஒன்று இருந்தது. “அப்ப நான் சொன்னது சரியா?” என்று கேட்டான். அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் ஆமாம் என்று சொன்னதில்லை.

“சரிதான்” என்றாள்.

சொல்லும்போதே அவள் கண் மேசையில் கிடந்த காந்தத்தின்மேல் போயிற்று. அவனிடம் அதைச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அவன் முகத்தைப் பார்த்தாள். சந்தோஷப்படட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதாவது, தனக்கு வசதியானதை அவனுக்காகச் செய்வதாக நினைத்துக்கொண்டாள். நம்மில் பலருக்கும் அது கைவந்த கலை.

அன்று வீட்டில் அம்மா கேட்டுவிட்டுத் தட்டைத் துடைப்பதைத் தொடர்ந்தாள். “விண்கல்லா? இவனுக்கா? நீ சரியாப் பார்த்தியாம்மா?”

“பார்த்தேம்மா.”

“பாவம் பார்த்துச் சொல்லலியே?”

“இல்லம்மா.”

“வெளியூர்லேர்ந்து ஆள் வந்து பார்க்கட்டும். அப்புறம் நம்பறேன்” என்றாள் அம்மா. தம்பி அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தான்.

வெளியூரிலிருந்து ஆள் வந்தார். விண்கற்களின் காந்தப் பதிவை மட்டும் ஆராய்வதற்காகவே ஓர் ஆய்வகம் வைத்திருப்பவர். தகவல் போனதும், கல்லை அனுப்ப வேண்டாம், நானே வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டார். அவர் வருகிற அன்று அக்கா எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் இருந்த அறிவிப்பைக் கழற்றி, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் செருகினாள். அட்டை தொங்கிய இடம் மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாக, சதுரமாகத் தெரிந்தது. நடுவில் ஆணி நின்றது. அந்த வயதில், அந்தப் பதவியில், கள்ளத்தனம் செய்வது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை; ஆணியைப் பிடுங்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

தம்பி இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். உள்ளே வந்ததும் நின்று சுவரைப் பார்த்தான். வெள்ளைச் சதுரத்தைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவள் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“ஆணி சும்மா இருக்கே” என்று சொல்லி, தோளில் இருந்த பெரிய பையைக் கழற்றி அதில் மாட்டினான். சதுரம் மறைந்துவிட்டது.

ஆய்வாளர் மெல்லப் பேசுகிற மனிதர். கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கல்லைப் பார்த்ததும் ஐயோ என்றார், சந்தோஷத்தில். தம்பியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். “ஜனங்க இந்த மாதிரி கல்லைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவாங்க சார். நீங்க குனிஞ்சு எடுத்தீங்க பாருங்க” என்றார். தம்பியை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அவன் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான்.

அவர் ஓர் அரிசி அளவுக்குக் கல்லைப் பெயர்த்து, தான் கொண்டுவந்த பெட்டிக்குள் வைத்தார். பெட்டி கொஞ்ச நேரம் உறுமியது. எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். வேறு பக்கத்திலிருந்து இன்னொரு துணுக்கை எடுத்து வைத்தார். அதற்கப்புறம் அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்துபோனது. பையிலிருந்து ஒரு சின்ன திசைகாட்டியை எடுத்துக் கல்லின் பக்கத்தில் வைத்தார். முள் விருட்டென்று கல்லைப் பார்த்துத் திரும்பி அங்கேயே நின்றுவிட்டது.

“இது மேல யாரு காந்தம் வெச்சது?”

அக்கா தராசு துடைத்த துணியை மறுபடி கையில் எடுத்தாள்.

“நான்தான் சார்” என்றான் தம்பி.

“எப்பேர்ப்பட்ட காந்தம்?”

“ஸ்பீக்கர் காந்தம் சார். பெருசு. கொஞ்ச நாள் அதுலயே இருந்துச்சு.”

“யாராவது வெக்கச் சொன்னாங்களா?”

“யாரும் சொல்லல சார். எனக்கு இந்த மாதிரியெல்லாம் தோணும்.”

அவன் தடுமாறவில்லை, யோசிக்கவில்லை, அக்கா பக்கம் திரும்பக்கூட இல்லை. ஊர் பெயர் கேட்டால் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். பழகிப்போன ஆளால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். “பூமி பொறக்கும்போது என்ன நடந்ததுன்னு இதுக்குள்ள எழுதியிருந்தது சார். நானூத்தம்பது கோடி வருஷம் பத்திரமா இருந்தது. இப்ப இதுல இருக்கறது உங்க ஸ்பீக்கர் மட்டும்தான்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை, வருத்தமாகச் சொன்னார். சார் என்று கூப்பிட்டதைக்கூட அவர் விடவில்லை. தம்பி தலையைக் குனிந்து, “தப்புதான் சார்” என்றான். இஸ்திரி சட்டையின் காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

ஆய்வாளர் அக்காவிடம் திரும்பினார். “இவரைச் சொல்லிக் குத்தமில்ல மேடம். இவங்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்? நாமதான் சொல்லணும். காந்தம் வெக்காதீங்கன்னு இங்க ஒரு போர்டு எழுதி மாட்டிடுங்களேன்.”

அக்கா எழுந்தாள். தம்பி லேசாகத் தலையை அசைத்தான், வேண்டாம் என்று. அவள் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு அட்டையை இழுத்து, தூசியோடு மேசைமேல் வைத்தாள்.

“போர்டு ஏற்கெனவே இருந்தது சார்” என்றாள். “நான் எழுதினது. இன்னைக்குக் காலையில நீங்க வர்றீங்கன்னு கழட்டி ஒளிச்சு வெச்சேன். இவன் போன்ல கேட்டப்போ பெரிய காந்தமா வைன்னு சொன்னதும் நான்தான். வெக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்.”

ஆய்வாளர் அட்டையைப் படித்தார். சின்ன வாசகம்தான், ஆனாலும் வெகுநேரம் படித்தார்.

“இதைப் பார்த்துட்டு எவ்ளோ பேர் போயிருப்பாங்க?”

“வந்தவங்க எல்லாரும்.”

அவர் அட்டையைக் கவிழ்த்து வைத்தார். இயக்குநரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று மாடிக்குப் போனார். இயக்குநர் அறையும் மேலேதான் இருந்தது, கழிப்பறையைத் தாண்டி.

காலடிச் சத்தம் மறைந்ததும் தம்பி சீறினான். “உனக்கு என்ன பைத்தியமாக்கா? நான்தான் சமாளிச்சுட்டேன்ல? அந்த ஆள் நம்பிட்டாருல்ல?”

“நீ பண்ணாத தப்பை நீ ஏன்டா ஒத்துக்கற?”

“நான் பண்ணேன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. அவன் அப்படித்தான்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. நீ பண்ணேன்னா உன் வேலைக்கே வேட்டு. எது சுலபம்? நீதானே படிச்சவ, நீயே சொல்லு.”

அவன் அதை ஒரு கணக்கு போலச் சொன்னான். அதில் குத்தல் இல்லை, மனத்தாங்கல் இல்லை. அதுதான் அக்காவைத் தாக்கியது. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை இவன் சொன்னது சரியாக இருந்தது, ஒரு மனிதர் இவனைச் சார் என்று கூப்பிட்டார், அதையும் இவன் அக்காவுக்காகத் தூக்கிக் கொடுக்கத் தயாராக இருந்தான், ஏதோ பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பதுபோல. அவளுக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. இரண்டையும் அடக்கத் தெரியாமல் அவள் முகத்தைப் பஞ்சால் துடைத்தாள்.

“சரி, அழாத” என்றான் அவன். “கல்லு நெஜம்தானே? அது மாறாதுல்ல?”

“மாறாதுடா. அதைக் கண்டுபிடிச்சது நீ. அது எங்கயும் போகாது.”

“அப்புறம் என்ன?”

மேசைமேல் போன் அடித்தது. அம்மா.

“என்னம்மா, அந்த ஆள் வந்தாரா? என்ன சொன்னாரு?”

“நெஜ விண்கல்தானாம்மா. ரொம்ப நல்ல கல்லாம். ஆனா காந்தம் வெச்சதுல உள்ள இருந்ததெல்லாம் கெட்டுப்போச்சு.”

“நெனச்சேன். கையை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டானே. அவன் அப்படித்தான்.”

அந்த வார்த்தை தன்னுடையது என்று அக்காவுக்குத் தெரியும். தன் வாயிலிருந்து கிளம்பி, அம்மா வாயில் குடியேறி, இப்போது போன் வழியாகத் திரும்பி வருகிறது.

“அவன் இல்லம்மா. நான்தான் வெக்கச் சொன்னேன். அது என் தப்பு.”

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அவன் பக்கத்துல இருக்கானா?”

“இருக்கான்.”

“அவன்தான் இப்படிச் சொல்லச் சொன்னானா?”

தம்பிக்கு அது கேட்டது. அவனுக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டான். “ஆமாம்மா, நான்தான்” என்றான். “சரிம்மா. இனிமே எதையும் தொடலம்மா. அக்காகிட்டயும் சொல்லிட்டேம்மா. சரிம்மா.” பேசிக்கொண்டே அக்காவைப் பார்த்து, பார்த்தியா, எவ்வளவு சுலபம் என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினான்.

அவள் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

“அம்மா, நான் பேசறேன். நல்லாக் கேளுங்க. அவன் மேல தப்பே இல்ல. நான்தான் அவனை வெக்கச் சொன்னேன்.”

“சரி, சரி” என்றாள் அம்மா. “உனக்கு எப்பவுமே எளகின மனசு. அவனை நீ விட்டுக்குடுத்ததே இல்லையே.”

அக்கா நாற்காலியை இழுத்துத் தம்பிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். மாடிப்படியில் ஆய்வாளரும் இயக்குநரும் இறங்கிவரும் சத்தம் கேட்டது. அவள் போனை வைக்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.